கேபிளை நிறுத்தி நெட்டில் டிவி: எட்டு மாத அனுபவம்

கேபிளை நிறுத்தி எட்டு மாதம் ஆகிறது. மாதம் 320 ரூபாய் கட்டிக்கொண்டிருந்தோம், இப்போது வீட்டில் டிவி முழுக்க நெட்டில்தான் ஓடுகிறது. மாறலாமா, காசு மிச்சமாகுமா, சன் டிவி வருமா என்று அலுவலகத்திலும் சொந்தக்காரர்களிலும் ஏழெட்டுப் பேர் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவரிடமும் அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுசாக எழுதிவிடுகிறேன்.

முதலில் எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். எந்த பேக் எடுப்பது, எந்த பாக்ஸ் வாங்குவது என்பதெல்லாம் அப்புறம்தான். வீட்டில் யார் அதிகம் டிவி பார்க்கிறார்கள், அவர் தனியாக அதை இயக்குவாரா என்பதில்தான் இந்த விஷயம் முழுக்க நிற்கிறது. திருச்சி உறையூரில் இருக்கிறோம். அம்மாவுக்கு 72 வயது. நானும் மனைவியும் வேலைக்குப் போய்விடுவோம், மகன் ஒன்பதாவது படிக்கிறான். காலை ஒன்பதிலிருந்து மாலை நாலரை வரை வீட்டில் அம்மா மட்டும்தான், டிவிதான் அவருக்குப் பேச்சுத்துணை. காலையில் கோயில் நிகழ்ச்சி, பதினோரு மணிக்கு ஏதாவது பழைய படம், சாயங்காலம் ஆறரையிலிருந்து பத்து வரை சீரியல், நடுவில் செய்தி. நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து பார்ப்பதைவிட அவர் ஒருவர் பார்ப்பது அதிகம். ஆனால் மாறுவது என்று முடிவு பண்ணியபோது அவரை நாங்கள் கேட்கவில்லை. அது தப்பு. அதனால் முதல் இரண்டு மாதம் அவர்தான் கஷ்டப்பட்டார்.

ஏன் மாறினோம் என்றால், ஒரே விஷயத்துக்கு இரண்டு இடத்தில் காசு கட்டுவது போலிருந்தது. 2019 பிப்ரவரியில் கேபிள் கட்டணத்தை முறைப்படுத்தும் டிராய் ஆணையத்தின் விதி மாறியதிலிருந்து, வேண்டிய சேனலை நாமே தேர்ந்தெடுத்து அதற்கு மட்டும் கட்டலாம் என்றார்கள் இல்லையா. அப்போது அடிப்படைக் கட்டணம் 130 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 153 ரூபாய் 40 காசு, அதற்கு மேல் கட்டணச் சேனல்களுக்குத் தனி. நடைமுறையில் எங்கள் தெருவில் யாரும் சேனல் சேனலாகத் தேர்ந்தெடுத்ததாகத் தெரியவில்லை, கேபிள்காரர் வைத்திருந்த இரண்டு மூன்று பேக்கில் ஒன்றை எடுத்துக்கொண்டோம். இருநூற்றுச் சொச்சம் சேனல் வந்தது, பார்த்தது பன்னிரண்டு. மகன் மேட்சைப் போனில் பார்க்கிறான், மனைவி படங்களை லேப்டாப்பில் பார்க்கிறார், மகன் படிப்புக்காக நெட் ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது. அப்புறம் எதற்குக் கேபிள் என்று தோன்றியது.

2011-ல் அரசு கேபிள் 70 ரூபாய்க்கு வந்தபோது எங்கள் வீட்டில் அதுதான் இருந்தது. அப்பா இருந்த காலம். மாதக் கணக்கு நோட்டில் பால், பேப்பர், கேபிள் மூன்றும் அடுத்தடுத்த வரியில் இருக்கும். அந்த 70 ரூபாய் ஞாபகத்தில் இருப்பதால்தானோ என்னவோ, 320 எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

சரி, முதல் முயற்சி. டிவி 43 இஞ்ச், 2018-ல் வாங்கியது. ஸ்மார்ட் டிவிதான், ஆனால் அதற்குள் இருக்கும் ஆப்களுக்கு அப்டேட் வருவது நின்று போய், சிலது திறக்கவே மாட்டேன் என்கிறது. ஐந்தாறு வருடம் ஆன ஸ்மார்ட் டிவி வைத்திருக்கும் பலருக்கும் இது வந்திருக்கும். திரை நன்றாக இருந்தால் புது டிவி வாங்க வேண்டாம், பின்னால் ஹெச்டிஎம்ஐ துளையில் செருகி, நெட் ஆப்களை டிவியில் ஓட்டுகிற ஸ்டிக் ஒன்று போதும். அதைத்தான் வாங்கினோம். அதில் கற்றுக்கொண்ட இரண்டு விஷயம். ஸ்டிக்குக்கு மின்சாரத்தை டிவியின் யுஎஸ்பியிலிருந்து எடுக்காதீர்கள், பல டிவிகளில் அது போதாமல் ஸ்டிக் நடுவில் அணைந்து அணைந்து எரியும், கூட வரும் அடாப்டரைச் சுவரில் மாட்டிவிடுங்கள். இன்னொன்று வைஃபை. எங்கள் ரவுட்டர் முன்வாசல் பக்கம் இருந்தது, டிவிக்கும் அதற்கும் நடுவில் முக்கால் அடிச் செங்கல் சுவர். வைஃபையில் 5 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசை வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டினால் துவண்டுவிடும். படம் நின்று நின்று வந்ததற்குக் காரணம் நெட் ஸ்பீடு என்று நினைத்துப் பெரிய பிளானுக்கு மாற இருந்தேன். ரவுட்டரை ஹாலுக்குக் கொண்டுவந்து வைத்ததும் அதே பிளானில் எல்லாம் சரியாகிவிட்டது. ஹெச்டி படத்துக்கு நொடிக்கு 5 மெகாபிட் வேகம், அதைவிடத் தெளிவான 4கேவுக்கு 15 மெகாபிட் இருந்தால் போதும் என்றுதான் நெட்ஃபிளிக்ஸே சொல்கிறது. நம் வீடுகளில் எடுக்கும் பிளான் பெரும்பாலும் அதைவிட வேகமானதுதான். ஸ்பீடு ஏற்றுவதற்கு முன்னால் ரவுட்டர் இருக்கும் இடத்தைப் பாருங்கள்.

படம் தெளிவாக வந்துவிட்டது. அம்மாவுக்கு டிவி வரவில்லை.

ஒரு நாள் மத்தியானம் சீக்கிரம் வீட்டுக்கு வந்தேன். டிவி ஓடிக்கொண்டிருக்கிறது, திரை முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்களில் யார் யாரோ துப்பாக்கியுடன் நிற்கிறார்கள், அம்மா ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். "என்னம்மா பாக்குறீங்க?" என்றேன். "ஒண்ணும் பாக்கலப்பா, நீ வந்து போட்டுக் குடுப்பேன்னு இருக்கேன்" என்றார். மணி மூன்று. காலையிலிருந்து அப்படியே இருந்திருக்கிறார். ஆபீஸில் இருக்கும்போது போன் பண்ணித் தொந்தரவு பண்ணக் கூடாது என்று பேசாமல் இருந்திருக்கிறார்.

அன்றைக்குத்தான் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் டிவியை எப்படிப் பார்க்கிறார் என்று கவனித்தேன். கேபிளில் அவர் சேனலின் பெயரைத் தேடுவதில்லை, எண்ணை அழுத்துகிறார். பெருவிரல் அந்த எண்களுக்குத் தானாகப் போகிறது, கண்ணாடிகூடப் போட வேண்டியதில்லை. ஸ்டிக் ரிமோட்டில் எண்ணே கிடையாது, ஒரு வட்டம், நாலைந்து பட்டன். வட்டத்தின் மேல் பக்கம் அழுத்தினால் ஒரு கட்டம் மேலே போகும், எத்தனை கட்டம் போக வேண்டும் என்பது ஒவ்வொரு நாளும் மாறும், ஏனென்றால் முகப்புத் திரை தினமும் மாறுகிறது. அவருடைய இருபது வருடப் பழக்கத்தை எடுத்துக்கொண்டு, அதற்குப் பதிலாக நாங்கள் எதையும் கொடுக்கவில்லை.

இன்னொரு பெரிய சிக்கல், சீரியல்கள் எல்லாம் தனித்தனி வீட்டில் இருக்கின்றன. கேபிளில் சன்னுக்கும் விஜய்க்கும் ஜீ தமிழுக்கும் நடுவில் இரண்டு பட்டன்தான் தூரம். நெட்டில் சன் டிவி சீரியலுக்கு சன் நெக்ஸ்ட், விஜய் டிவிக்கு ஜியோஹாட்ஸ்டார், ஜீ தமிழுக்கு ஜீ5. ஒன்றிலிருந்து வெளியே வந்து இன்னொன்றுக்குள் போக வேண்டும், ஒவ்வொன்றிலும் மெனு வேறு மாதிரி, ஒவ்வொன்றுக்கும் சந்தா தனி. ஆறரைக்கு ஒரு சேனல், எட்டுக்கு இன்னொன்று, ஒன்பதுக்கு மறுபடி முதல் சேனல் என்று பார்க்கிறவருக்கு இது ஆகாத வேலை. அத்தனை நேரம் ஓடிக்கொண்டிருந்தால் நடுவில் "இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா?" என்று சில ஆப்கள் ஒரு கேள்வியைப் போட்டு நிறுத்திவிடும், அதுவும் ஆங்கிலத்தில். அம்மா அதை டிவி கெட்டுவிட்டது என்று நினைத்து ஸ்விட்சை அணைத்திருக்கிறார்.

செய்திக்கு மட்டும் பிரச்சினை இல்லை. சன் நியூஸ், புதிய தலைமுறை, தந்தி டிவி, பாலிமர் எல்லாமே யூடியூபில் நேரலையாகக் காசில்லாமல் வருகின்றன. செய்தி மட்டும் பார்க்கிற வீடு என்றால் கேபிளை இன்றைக்கே நிறுத்திவிடலாம்.

மனைவி ஒரு யோசனை செய்தார். நெற்றியில் வைக்கும் ஸ்டிக்கர் பொட்டில் சிவப்பு ஒன்றை ஹோம் பட்டனிலும், பச்சை ஒன்றை ஓகே பட்டனிலும் ஒட்டினார். "சிவப்பு அமுக்குனா வீட்டுக்கு வந்துரும் அத்தே, பச்சை அமுக்குனா உள்ள போகும்" என்று ஒரு வாரம் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். பாதி கஷ்டம் குறைந்தது. மீதிப் பாதி குறையவில்லை.

அந்த நேரத்தில்தான் ஐப்பசி மழையில் ஃபைபர் அறுந்தது. அப்போது இருந்த பிராட்பேண்ட் கம்பெனி பெயர் வேண்டாம். கால் சென்டரில் புகார் எண் கொடுத்தார்கள், 24 மணி நேரத்தில் சரியாகும் என்று மெசேஜ் வந்தது, மறுநாள் அதே மெசேஜ் வேறு எண்ணுடன் வந்தது. நான்கு நாள். கேபிள் இருந்த காலத்தில் நெட் போனால் நெட் மட்டும்தான் போகும். இப்போது நெட் போனால் மகன் படிப்பும் போகிறது, மனைவியின் வேலையும் போகிறது, அம்மாவின் டிவியும் போகிறது. நாங்கள் மூன்று பேரும் போன் டேட்டாவில் சமாளித்தோம். அம்மா எட்டு மணிக்குப் பக்கத்து வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். மழையில், குடையைப் பிடித்துக்கொண்டு. அதைப் பார்த்த அன்றைக்கு, பேசாமல் கேபிளையே திரும்பப் போட்டுவிடுவோம் என்றுதான் கேபிள்கார அண்ணனுக்குப் போன் பண்ணினேன்.

அவர் இருபது வருடமாக எங்கள் தெருவுக்குக் கேபிள் கொடுத்தவர். இடி விழுந்து பாக்ஸ் போனால் ராத்திரி ஒன்பது மணிக்கு வந்து மாற்றிக்கொடுத்துவிட்டுப் போவார். வந்து உட்கார்ந்து சொன்னார், "தம்பி, நானும் இப்ப ஃபைபர்தான் இழுக்குறேன். கேபிள் கனெக்‌ஷன் பாதி போயிருச்சு. நெட்டும் டிவியும் ஒரே வயர்ல தர்றேன், அம்மாவுக்கு நம்பர் ரிமோட்டே வரும்." தமிழ்நாட்டில் நிறைய ஊரில் கேபிள் ஆபரேட்டர்கள் இப்படி ஏதாவது ஒரு நெட் கம்பெனியோடு சேர்ந்து ஃபைபர் கொடுக்கிறார்கள். உங்கள் தெருவிலும் இருக்கலாம், விசாரித்துப் பாருங்கள்.

அவர் கொடுத்தது ஐபிடிவி பாக்ஸ். பார்ப்பதற்குப் பழைய செட்டாப் பாக்ஸ் மாதிரிதான், பின்னால் கேபிள் வயருக்குப் பதில் ரவுட்டரிலிருந்து வரும் லேன் வயர். சேனல்கள் நெட் வழியாக நேரலையாக வருகின்றன. போட்டவுடன் கடைசியாகப் பார்த்த சேனலில் நிற்கிறது, ரிமோட்டில் பூஜ்யம் முதல் ஒன்பது வரை எண் இருக்கிறது, சன்னும் விஜய்யும் ஜீ தமிழும் ஒரே பட்டியலில் இருக்கின்றன. ஓடிடி ஆப்களும் அதே பாக்ஸில் தனியே உண்டு. பிஎஸ்என்எல்லும் 2024 அக்டோபரில் இதே மாதிரி ஐஎஃப்டிவி என்று தன்னுடைய ஃபைபர் இணைப்புக்காரர்களுக்குத் தொடங்கியது, பெரிய தனியார் கம்பெனிகளும் பிளானோடு பாக்ஸ் தருகிறார்கள். முதல் நாளே ஸ்டிக் வாங்காமல் இதை விசாரித்திருக்க வேண்டும். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் எண் ரிமோட் உள்ள பாக்ஸைத் தவிர வேறு எதையும் எடுக்காதீர்கள் என்று அடித்துச் சொல்வேன்.

குறையும் இருக்கிறது. சேனல் எண்கள் பழைய எண்கள் இல்லை, ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் பன்னிரண்டு எண்ணை எழுதி டிவி ஸ்டாண்டில் ஒட்டினோம், மூன்று வாரத்தில் அட்டையைப் பார்ப்பதை அம்மா நிறுத்திவிட்டார். பாக்ஸ் போட்டுப் படம் வர முக்கால் நிமிடம் ஆகிறது. சேனல் மாற்றினால் இரண்டு மூன்று வினாடி கறுப்புத் திரை.

கரண்ட் விஷயத்தில் நான் எதிர்பார்க்காத நல்லது ஒன்று நடந்தது. கேபிள் காலத்தில் எங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தும் கரண்ட் போனால் டிவி போய்விடும், ஏனென்றால் தெருவில் இருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் கரண்ட் வேண்டும். ஃபைபரில் அவர்கள் ஆபீஸுக்கும் நம் வீட்டுக்கும் நடுவில் மின்சாரம் தேவைப்படும் கருவி கிடையாது, வெறும் கண்ணாடி இழைதான். ஆபீஸில் பேட்டரி இருந்து, நம் ரவுட்டரும் டிவியும் இன்வெர்ட்டரில் இருந்தால் படம் ஓடிக்கொண்டே இருக்கும். அண்ணன் தன் இடத்தில் பேட்டரி வைத்திருக்கிறார். பராமரிப்புக்காக நாள் முழுக்கக் கரண்ட் நிறுத்தும் அன்று அம்மா மத்தியானம் வரை படம் பார்த்தார், அதற்குமேல் எங்கள் இன்வெர்ட்டர் தாங்கவில்லை.

கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நெட்டில் நேரலை என்பது உண்மையில் கொஞ்சம் பின்தங்கித்தான் வரும். படத்தைச் சில வினாடித் துண்டுகளாக வெட்டி அனுப்பி, தடங்கல் வராமலிருக்க இரண்டு மூன்று துண்டை முன்கூட்டியே சேர்த்துவைத்துக்கொண்டு ஓட்டுகிறார்கள். அதனால் பக்கத்து வீட்டு டிடிஹெச்சில் விக்கெட் விழுந்து அவர்கள் கத்தும்போது நம் வீட்டில் பவுலர் இன்னும் ஓடி வந்துகொண்டிருப்பார். மகனுக்கு இது பெரிய குறை, ஜன்னலைச் சாத்திவிட்டுப் பார்க்கிறான். ஆனால் தமிழ் வர்ணனையும் ஆங்கில வர்ணனையும் நினைத்த நேரத்தில் மாற்றிக்கொள்ளலாம் என்பது அவனுக்குப் பிடித்திருக்கிறது.

காசுக் கணக்கு. முன்பு நெட் 499 ரூபாய் பிளான், ஜிஎஸ்டியோடு 589. கேபிள் 320. இரண்டும் சேர்த்து 909. இப்போது நெட், ஐபிடிவி, ஜியோஹாட்ஸ்டார், சன் நெக்ஸ்ட் எல்லாம் சேர்ந்த பிளான் 799, ஜிஎஸ்டியோடு 943. ஆக மாதம் 34 ரூபாய் கூடுதலாகத்தான் கட்டுகிறோம். மிச்சம் பிடிக்கலாம் என்று மாறுகிறவர்கள் இதை நன்றாக யோசிக்க வேண்டும். நெட்டே இல்லாத வீடு டிவிக்காக மட்டும் நெட் போட்டால் நிச்சயம் செலவு கூடும். ஆப்களைத் தனித்தனியாக எடுத்தால் இன்னும் ஏறும். நெட்ஃபிளிக்ஸ் 2021 டிசம்பரில் விலையைக் குறைத்து 199 ரூபாய்க்கு ஒரு பேக் கொண்டுவந்தது, ஆனால் அதில் ஒரு நேரத்தில் ஒரு திரைதான், படத்தின் தெளிவும் 720பிக்கு மேல் போகாது, பெரிய டிவியில் அந்த வித்தியாசம் தெரியும். பிரைம் வீடியோவில் 2025 ஜூனிலிருந்து விளம்பரம் வருகிறது, வேண்டாமென்றால் அதற்குத் தனியாகக் கட்ட வேண்டும். சந்தா கட்டியும் விளம்பரம் பார்ப்பது எனக்கு ஒப்பவில்லை. நாங்கள் செய்வது, பிளானோடு வருவதைத் தவிர வேறு எதையும் வருடச் சந்தாவாக எடுப்பதில்லை, பார்க்க ஏதாவது இருக்கும் மாதத்தில் ஒரு மாதத்துக்குப் போட்டுவிட்டு மாதாமாதம் தானாகப் பணம் பிடிக்கும் ஆட்டோ பேயை அன்றைக்கே நிறுத்திவிடுகிறோம். பணம் பிடிப்பதற்கு 24 மணி நேரத்துக்கு முன்னால் தெரிவிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது, அந்த மெசேஜ் வரும், அதைப் படிக்காமல் தள்ளிவிடாதீர்கள்.

நல்லதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. மகனுக்குப் பரீட்சை நேரத்தில் அம்மா சீரியலை ஓடவிட மனமில்லாமல் தவிப்பார், இப்போது அவன் படித்து முடித்த பிறகு பத்து மணிக்கு அதே சீரியலை நாங்கள் போட்டுக்கொடுக்கப் பார்க்கிறார். மலையாளப் படங்களைத் தமிழ் சப்டைட்டிலோடு, இருந்தால் தமிழ்க் குரலோடு, குடும்பமாக உட்கார்ந்து பார்க்கத் தொடங்கியிருக்கிறோம், கேபிளில் அது நடந்ததே இல்லை. வைகுண்ட ஏகாதசி அன்று முழங்கால் வலியால் அம்மாவால் ஸ்ரீரங்கம் போக முடியவில்லை. சொர்க்கவாசல் திறப்பை விடியற்காலை பெரிய திரையில் யூடியூப் நேரலையில் போட்டுக்கொடுத்தேன், குளித்துவிட்டு வந்து டிவி முன்னால் கைகூப்பி நின்றபடியே பார்த்தார். அப்புறம் மத்தியானம் ஒருமுறை திரும்பப் போடச் சொன்னார்.

யாருக்கு இது வேண்டாம் என்றும் சொல்கிறேன். என் சித்தப்பாவும் சித்தியும் லால்குடிப் பக்கம் கிராமத்தில் இரண்டே பேராக இருக்கிறார்கள், பிள்ளைகள் வெளியூரில். அவர்கள் கேட்டபோது கேபிளே இருக்கட்டும் என்று சொன்னேன். பாஸ்வேர்டு கேட்டு ஒரு திரை நின்றால் வந்து போட்டுக்கொடுக்க அங்கே ஆள் இல்லை. டிவி ஓடினால் போதும், காசு குறைய வேண்டும் என்றால் டிடி ஃப்ரீ டிஷ் இருக்கிறது, ஒருமுறை டிஷ்ஷும் பாக்ஸும் வாங்கினால் மாதக் கட்டணமே கிடையாது. ஆனால் தமிழ்ச் சேனல்கள் அதில் குறைவு, டிடி தமிழ் வரும், சீரியல் பார்க்கிறவர்களுக்கு அது போதாது.

மாறுவதாக இருந்தால், பழைய இணைப்பை உடனே வெட்டிவிடாமல் ஒரு மாதம் இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். அந்த 320 ரூபாயைக் கட்டியிருந்தால் எங்கள் வீட்டில் அந்த மூன்று மணி மத்தியானம் வந்திருக்காது. பழைய செட்டாப் பாக்ஸைத் திருப்பிக் கொடுக்கும்போது ரிமோட், அடாப்டர் எல்லாம் கொடுத்து ஒரு ரசீதும் வாங்கிக்கொள்ளுங்கள். புது இணைப்பு எடுக்கும்போது எத்தனை ஆப் தருகிறார்கள் என்று கேட்பதற்கு முன்னால், வயர் அறுந்தால் யார் வருவார், எவ்வளவு நேரத்தில் வருவார், அவர் போன் நம்பர் என்ன என்று கேளுங்கள். அண்ணனிடம் மாறியபிறகு இரண்டு முறை லைன் போனது, ஒன்று லாரி இழுத்தது, இரண்டு முறையும் அன்று சாயங்காலத்துக்குள் வந்துவிட்டது.

இப்போதும் மாதம் முதல் வாரம் அவர் வருகிறார். பணம் யுபிஐயில் போய்விடும், இருந்தாலும் தெருவில் வேலை இருந்தால் வாசலில் நின்று "அம்மா, படம் தெளிவா வருதா?" என்று கேட்டுவிட்டு, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போவார். போன வாரம் அப்படி வந்தபோது அம்மா அவரை உள்ளே கூப்பிட்டு ரிமோட்டை நீட்டினார். வெள்ளிக்கிழமை வெக்காளியம்மன் கோயிலுக்குப் போய்விட்டு வருவதற்குள் எட்டு மணி சீரியல் முடிந்துவிடுகிறதாம், முடிந்துபோனதைத் திரும்பப் பார்க்க எந்தப் பட்டன் என்று கேட்டார். அண்ணன் அந்தப் பட்டனைக் காட்டினார். ராத்திரி பார்க்கிறேன், அந்தப் பட்டனில் புதிதாக ஒரு மஞ்சள் பொட்டு இருக்கிறது.